மேலே ஆள் இருக்கிறார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நடந்தது. பேய்க் கதை என்றால் அமாவாசை, நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்கள் வேறு இடம் பார்க்கலாம். இது பட்டப்பகலில், இருபத்திரண்டு பள்ளிப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தபோது நடந்தது. போன டிசம்பர், இரண்டாவது வியாழக்கிழமை. காலை 6.10-க்குத் தொடங்கி 10.58-க்கு முடிந்தது. நிமிஷம் வரைக்கும் எப்படித் தெரியும் என்றால், இதில் சிக்கிய ஆபரேட்டர் ஓஸ்வால்ட் எதையும் மணி போட்டு எழுதிவைக்கிற ஆசாமி. அவருடைய நோட்டை நானே புரட்டிப் பார்த்திருக்கிறேன். அன்றைய பக்கத்தில் 10.51-க்குப் பிறகு அவர் கையெழுத்து அவருடையதாகவே இல்லை.

பெங்களூரில், ஓசூர் ரோட்டில், பொம்மனஹள்ளியைத் தாண்டி வெகுதூரம் போனால் அந்தத் தீம் பார்க். பெயர் மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் ஓஸ்வால்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வரும், எனக்கும் வரும். அங்கே நின்ற ஸ்டீல் ரோலர் கோஸ்டருக்கு விளம்பரத்தில் என்னவோ பெயர் வைத்திருந்தார்கள். வேலை செய்கிறவர்களுக்கு அது "பெருசு". பதிமூன்று மாடி உயரம். சங்கிலி இழுக்க இழுக்க மெதுவாக மேலே ஏறும். உச்சியில் ஒரு நொடி நிற்கிற மாதிரி இருக்கும். பிறகு வயிறு தொண்டைக்கு வந்துவிடும்.

பெருசு புதுசு இல்லை. பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டில் ஒரு பார்க்கை மூடிவிட்டார்கள். அங்கே சும்மா நின்றதைப் பிரித்து, முப்பத்தொரு கண்டெய்னரில் ஏற்றி, கடல் தாண்டிக் கொண்டுவந்து, மஞ்சள் பெயின்ட் அடித்து இங்கே நிறுத்தினார்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஊரில் பாதிப் பேர் செகண்ட் ஹேண்ட் வண்டிதான் ஓட்டுகிறோம்.

ஓஸ்வால்ட் பெருசுக்கு ஆபரேட்டர். நாற்பத்தெட்டு வயது, ஈஜிபுராவில் வாடகை வீடு, அதற்கு முன் ஓட்டிய ரைடுகளையும் சேர்த்துப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். பேய்ப் படம் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர் எரிச்சலாகிற அளவுக்குச் சிரிக்கிறவர். அவருக்கு மனைவி மௌரீன், ஒரே மகள் லவினா. லவினா எட்டாம் வகுப்பு படிக்கிறாள்.

இங்கே ஒரு தொழில் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தண்டவாளத்தில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பூட்டு உண்டு. அதில் பெயரும் போட்டோவும் போட்ட அட்டை தொங்கும். ஏறுவதற்கு முன்னால் மெயின் சுவிட்சின் கைப்பிடியை 'ஆஃப்' பக்கம் தள்ளி, தன் பூட்டைத் தானே மாட்டி, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். பூட்டு தொங்கினால் மேலே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். கரண்ட் வராது, ரயில் நகராது. அவரே இறங்கி வந்து அவரே திறக்க வேண்டும். முதலாளியே வந்து நின்றாலும் அடுத்தவர் பூட்டைத் தொடக்கூடாது. வேலைக்குச் சேருகிற எல்லாருக்கும் ஓஸ்வால்ட் சொல்லித்தருகிற முதல் பாடமே இதுதான்.

அந்தப் பாடத்தை அவரே மீறினார். போன ஜூன் மாதம்.

கண்ட்ரோல் பெட்டியைக் கண்டெய்னரிலிருந்து இறக்கிப் பிரித்தபோது, மெயின் சுவிட்சில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது. அடியில் 4171 என்று எண் குத்தியிருந்தது. அட்டையில் என்ன மொழியோ, புரியாத எழுத்து. மீசை வைத்த ஒருவரின் வெளுத்துப்போன போட்டோ. சாவி இல்லை. இன்ஜினியர்கள் கரண்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் நிருபமா, "வெட்டிப் போடுங்க ஓஸ்வால்ட், பழைய பூட்டுதானே" என்றார்.

ஓஸ்வால்ட் கட்டரை எடுத்தார். பக்கத்தில் நின்ற ஃபிட்டர் நாராயணசாமிக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணா, ஆளக் கேக்காம வெட்டக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"ஆளு எங்கப்பா இருக்கான்? கடலுக்கு அந்தாண்ட."

இரண்டே அழுத்தில் பூட்டு விட்டுவிட்டது. தூக்கிப் போட மனம் வராமல், அட்டையோடு சேர்த்து கேபின் டிராயரில் போட்டுப் பூட்டினார். ஆறு மாதம் எதுவும் நடக்கவில்லை.

டிசம்பரில் லவினாவின் பள்ளியிலிருந்து பார்க்குக்கு டூர் வருவதாக ஏற்பாடு. பெருசில் ஏற நூற்று நாற்பது சென்டிமீட்டர் உயரம் வேண்டும். ஜூனிலிருந்தே கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்த பெண் அவள். நவம்பரில்தான் கோடு நூற்று நாற்பதைத் தொட்டது.

"டாடி, கடைசி ரோ. நீங்களே பார் லாக் பண்ணணும். பிராமிஸ்?"

"பிராமிஸ்" என்றார் ஓஸ்வால்ட். அவள் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த வியாழக்கிழமை காலை 6.10. பெங்களூர் டிசம்பர் பனி, பெருசின் பாதி உடம்பைக் காணவில்லை. நாராயணசாமி தன் நீலப் பூட்டை மாட்டிவிட்டுப் படியேறினார். தினமும் காலையில் செய்வதுதான். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். இறுகியிருந்தால் டங் என்று கேட்கும். லூசாக இருந்தால் சத்தம் செத்துப்போய்க் கேட்கும்.

டங்... டங்... டங்...

6.25-க்கு வாக்கி டாக்கி கரகரத்தது.

"அண்ணா, இன்னிக்கு மேல வேற யாராச்சும் அனுப்பிச்சீங்களா?"

"இல்லியே. நீ ஒருத்தன்தான். ஏன்?"

"நான் தட்டாம நிக்கிறேன்ணா. கேளுங்க."

ஓஸ்வால்ட் பிளாட்ஃபாரத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டார். பனிக்குள்ளே, உச்சிக்குப் பக்கத்தில்...

டங்... டங்... டங்...

சுவிட்சைப் போய்ப் பார்த்தார். ஒரே ஒரு பூட்டு. நீலம். 6.50-க்கு நாராயணசாமி இறங்கி வந்தபோது சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில் வியர்வை.

"எனக்கு முன்னாடியே யாரோ தட்டிக்கினே போறாங்கண்ணா. நான் கிட்ட போனா அது தள்ளிப் போவுது."

"இரும்பு குளிர்ல சுருங்குனா சத்தம் வரும். போய் டீ குடி."

சொன்னாரே தவிர, அந்தச் சமாதானம் அவருக்கே போதவில்லை.

7.42. காலி ரயிலைச் சோதிக்கிற நேரம். ஒவ்வொரு சீட்டிலும் மடிமேல் இறங்குகிற இரும்புத் தண்டு ஒன்று இருக்கும். அதற்குப் பெயர் பார். கையால் அமுக்கினால் டக், டக் என்று பல் பல்லாக இறங்கும். காலி சீட்டில் ஒன்பது டக், அடிவரைக்கும் போய்விடும். ஆள் உட்கார்ந்திருந்தால் தொடை தடுக்கும், நான்கிலோ ஐந்திலோ நின்றுவிடும். ஓஸ்வால்ட் இருபத்து நான்கு சீட்டையும் அமுக்கிக்கொண்டே வந்தார். எண்ண வேண்டிய தேவையே இல்லை, பத்தொன்பது வருஷத்தில் காது தானாக எண்ணும்.

கடைசி வரிசை. இடது சீட்.

டக், டக், டக், டக், டக்.

ஐந்து. அதற்கு மேல் இறங்கவில்லை. உடம்பின் பாரம் முழுதும் கொடுத்து அமுக்கினார், அசையவில்லை. குனிந்து பார்த்தார். எதுவும் மாட்டிக்கொண்டிருக்கவில்லை. சீட்டில் கையை வைத்தார். ஐஸ் பெட்டிக்குள் கைவிட்ட குளிர். பக்கத்து சீட்டு சாதாரணமாக இருந்தது.

மிதியை அழுத்தி பாரை விடுவித்து, மறுபடி அமுக்கினார். இந்தத் தடவை ஒன்பது.

7.55-க்கு அந்தக் காலி ரயிலை ஒரு ரவுண்டு அனுப்பினார். ஏறியது, விழுந்தது, சுற்றியது, வந்து நின்றது. கடைசி வரிசைக்கு ஓடிப்போய்ப் பார்த்தார்.

ஒன்பதில் போன பார் ஐந்தில் நின்றது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தப் பல் சக்கரம் ஒரு பக்கம்தான் போகும். மிதியை அழுத்தாமல் பார் கீழே இறங்கலாமே தவிர, மேலே ஏறவே ஏறாது. ஏற முடிந்தால் ரோலர் கோஸ்டரில் ஒருவரும் உயிரோடு வீடு திரும்ப முடியாது.

8.30-க்கு நிருபமாவிடம் போனார்.

"ஏனாய்த்து ஓஸ்வால்ட்? என்னாச்சு?"

"மேடம், கடைசி ரோ சரியில்ல. பார் நிக்குது."

"ரெண்டு சீட்தானே? டேப் சுத்திடுங்க. மிச்சம் இருபத்திரண்டு ஓகேவா?"

"ஓகே."

"அப்போ ஓட்டுங்க. இன்னைக்கு பத்து ஸ்கூல் புக்கிங் இருக்கு."

நிருபமா கெட்டவர் இல்லை. ஓஸ்வால்ட் நினைத்திருந்தால் தன் பூட்டை மாட்டி, "இன்று ஓடாது" என்று சொல்லியிருக்கலாம். அந்த உரிமை அவருக்கு உண்டு. அவர் சொல்லவில்லை. ஏன் என்று நான் கேட்டபோது மறைக்காமல் சொன்னார்: லவினாவின் முகம்தான் கண்ணில் நின்றதாம். கோடு போட்டுக் கோடு போட்டுக் காத்திருந்த பிள்ளை.

அந்த இரண்டு பாரையும் மேலே தூக்கிவிட்டு, சிவப்பு டேப்பை எடுத்து, கடைசி வரிசை இரண்டு சீட்டுக்கும் குறுக்கே நான்கு சுற்று சுற்றினார். 10.30 வரைக்கும் பதினோரு ரவுண்டு ஓடியது. ஒரு குறையும் இல்லை. மூச்சு லேசாக வந்தது.

10.44. லவினாவின் வகுப்பு வரிசையில் வந்தது. டேப்பைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிவிட்டது.

"டாடி, பிராமிஸ் பண்ணீங்க!"

"அது ரிப்பேர்டா கண்ணு. அதுக்கு முன் ரோல உக்காரு."

தோழிகள் பார்க்கிறார்களே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, கடைசிக்கு முந்தின வரிசையில், இடது சீட்டில் உட்கார்ந்தாள். ஓஸ்வால்ட் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவள் பாரை அவரே அமுக்கினார்.

டக், டக், டக், டக்.

நான்கு. இழுத்துப் பார்த்தார். கெட்டியாக நின்றது. "சிரி பார்ப்போம்" என்றார். அவள் சிரிப்பதற்கு முன்னால், அவளுக்குப் பின்னாலிருந்து...

டக்.

டக்.

டக்.

டக்.

டக்.

டேப் சுற்றிய சீட்டு. டேப் அப்படியே இருந்தது. அதற்குள்ளே பார் தானாக இறங்கி, ஐந்தில் நின்றது.

அந்தப் பக்கம் பார் அமுக்கிக்கொண்டிருந்த நாராயணசாமி தலை தூக்கினார். அவரும் எண்ணியிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

10.51. சடக்கென்று ஒரு சத்தம் கேபினிலிருந்து வந்தது. பாட்டு நின்றது. விளக்குகள் அணைந்தன. ஓஸ்வால்ட் கேபினுக்கு ஓடினார்.

மெயின் சுவிட்சின் கைப்பிடி 'ஆஃப்' பக்கம் இறங்கியிருந்தது.

அதில் ஒரு பூட்டு.

சிவப்பு.

அட்டை லேசாக ஆடிக்கொண்டிருந்தது, இப்போதுதான் யாரோ மாட்டிவிட்டுக் கையை எடுத்த மாதிரி. புரியாத எழுத்து. மீசைக்காரர். அடியில் 4171. விரலால் பூட்டின் வளைவைத் தடவினார். வெட்டுக்காயமே இல்லை. முழுசு.

டிராயரைத் திறந்தார். ஜூனில் வெட்டிய பூட்டு அங்கேயே கிடந்தது. இரண்டு துண்டாக. அதே எண். அதே அட்டை.

வாக்கி டாக்கி கத்தியது.

"ஏன் நின்னுச்சு ஓஸ்வால்ட்? க்யூ கேட் வரைக்கும் இருக்கு!"

"மெயின்ல பூட்டு இருக்கு மேடம்."

"யாரோடது?"

"தெரியல."

"அப்போ வெட்டுங்க!"

கட்டர் கைக்கெட்டும் தூரத்தில் சுவரில் தொங்கியது. ஓஸ்வால்ட் அதைப் பார்த்தார். வெளியே பிள்ளைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே, உச்சியில்...

டங்... டங்... டங்...

"முடியாது மேடம்" என்றார். "மேல ஆள் இருக்காரு."

"மேலேயா? யாரு?"

"தெரியாது. ஆனா பூட்டு இருக்கு."

வாக்கி டாக்கியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். "எல்லாரும் இறங்குங்க!" என்று கத்தினார். அவரும் நாராயணசாமியும் வரிசை வரிசையாக மிதியை அழுத்திக்கொண்டே போனார்கள். பார்கள் எழுந்தன. பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள்.

இருபத்தொரு பேர்.

லவினாவின் பார் எழவில்லை.

மிதித்தார். இல்லை. மறுபடி. இல்லை. நாராயணசாமியும் சேர்ந்து மிதித்தார். இருவருமாக பாரைப் பிடித்துத் தூக்கினார்கள். அசையவில்லை.

"டாடி..." அவள் குரல் சுருங்கியிருந்தது. "டாடி, குளிருது."

மேலே தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

பிறகு பக்கத்திலேயே கேட்டது. அவளுக்குப் பின் சீட்டில்.

டங்.

ஓஸ்வால்ட் பிளாட்ஃபாரத்தில் மண்டியிட்டு, அந்தக் காலி சீட்டைப் பார்த்துப் பேசினார். அவர் மொழி அதற்குப் புரியுமா என்றெல்லாம் யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

"ஐயா... ஜூன்ல வெட்டுனது நான்தான். மேல ஆள் இருக்கான்னு பாக்கல. கேக்கல. தப்புதான். இவ ஒண்ணும் பண்ணல ஐயா. இனி இது ஓடாது. சத்தியமா ஓடாது. புள்ளைய விட்ருங்க..."

ஒன்றும் நடக்கவில்லை.

எழுந்து கேபினுக்கு ஓடினார். ஆணியிலிருந்து தன் சொந்தப் பூட்டை எடுத்தார். சிவப்புப் பூட்டுக்குப் பக்கத்து ஓட்டையில் மாட்டி, அழுத்தினார்.

அது பூட்டிக்கொண்ட அதே நொடியில், வெளியே லவினாவின் பார் தானாக எழுந்தது.

மணி 10.58.

நாராயணசாமி அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினார். ஓஸ்வால்ட் பின்னால் ஓடினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது, தண்டவாளத்தில் மெதுவாக ஏறிக்கொண்டே...

டங்... டங்... டங்...

அன்று சாயங்காலம் மௌரீன் கேட்டுக் கேட்டு, கடைசியில் லவினா ஒரே ஒரு விஷயம் சொன்னாள். பார் எதிலும் மாட்டிக்கொள்ளவில்லையாம். பின்னாலிருந்து யாரோ இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தார்களாம்.

ஓஸ்வால்ட் அன்றைக்கே வேலையை விட்டார். தன் பூட்டின் சாவியைக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுக்கவில்லை. இப்போது பொம்மனஹள்ளியில் ஒரு அபார்ட்மென்ட்டில் லிஃப்டும் பம்பும் பார்த்துக்கொள்கிறார். பெருசின் முன்னால் "பராமரிப்புப் பணி" என்று ஒரு போர்டு இன்றைக்கும் இருக்கிறது. இரண்டு பூட்டும் தொங்குகின்றன. கட்டரை எடுக்க அங்கே யாரும் முன்வரவில்லை.

அந்த அட்டையை அவர் போட்டோ எடுத்து வைத்திருந்தார். மொழிபெயர்க்கிற ஆப்பில் போட்டபோது, பார்க்கின் பெயரும் ஆளின் பெயரும் கிடைத்தன. தேடிப்பிடித்து, அங்கே முன்பு வேலை செய்தவர்களின் சங்கம் ஒன்றுக்கு ஒரு மெயில் எழுதினார். வெட்டியதைப் பற்றியோ லவினாவைப் பற்றியோ எழுதவில்லை. 4171 எண் பூட்டு எங்களிடம் இருக்கிறது, அது யாருடையது என்று மட்டும் கேட்டார்.

மூன்று வாரம் பதில் இல்லை. ஜனவரி 9, காலை 7.20-க்கு வந்தது. எழுதியவர் அந்தப் பழைய பார்க்கின் ஆபரேட்டர், ஓய்வு பெற்றவர். ஓஸ்வால்ட் எனக்குப் படித்துக் காட்டினார்.

"அந்தப் பூட்டு உங்களிடம் இருக்க முடியாது. பதினாறு வருஷத்துக்கு முன்பே அதை வெட்டியாகிவிட்டது. துண்டுகள் இன்றும் போலீஸ் வசம் இருக்கின்றன. பெட்டியை உங்களுக்கு அனுப்பியபோது அதில் எந்தப் பூட்டும் இல்லை.

"அன்று காலை கடும் பனி. பூட்டுக்காரர் இறங்கிவிட்டார், திறக்க மறந்துவிட்டார் என்று நினைத்து வெட்டினேன். ஆம், நான்தான் வெட்டினேன். அவர் மேலேதான் இருந்தார். அந்த ரவுண்டில் நான் ஏற்றியது ஒரே ஒருத்தியைத்தான். ரொம்ப நாளாக ஆசைப்பட்டு என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசிக்கு முந்தின வரிசை, இடது சீட். இருவரில் ஒருவர்கூட உயிரோடு கிடைக்கவில்லை."

இதோடு கையெழுத்து. அதற்குக் கீழே, அனுப்புகிற நேரத்தில் சேர்த்த மாதிரி, ஒரே ஒரு வரி.

"கேட்கவே பயமாக இருக்கிறது. உங்களுக்கும் மகள் இருக்கிறாளா?"